முயல் தீவுக்குப் போய் வந்தோம்

இப்போதெல்லாம் "இரண்டு நாள் தீவுக்குப் போய் இருந்துவிட்டு வந்தோம்" என்று சொல்லிக்கொள்வது ஒரு கௌரவமாகிவிட்டது. அந்தமான் என்கிறார்கள், மாலத்தீவு என்கிறார்கள். எங்கள் மாடி வீட்டுத் தம்பதி மாலத்தீவுக்குப் போய் வந்து, நீலத் தண்ணீரையும் வெள்ளை மணலையும் கைப்பேசியில் காட்டு காட்டென்று காட்டினார்கள். அன்று தொட்டு என் மனைவிக்கும் தீவு ஆசை பிடித்துக்கொண்டது.

எனக்கோ வேறொரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு இன்றைக்கும் மாலத்தீவுக்குப் போகின்றன. மாடி வீட்டுக்காரர் அங்கே சாப்பிட்ட வெங்காயம் தூத்துக்குடியில் தோணி ஏறியதாகக்கூட இருக்கலாம்!

"வெங்காயம் போய் இறங்குகிற ஊருக்கு நாம் விமானம் ஏறிப் போவானேன்? அது புறப்படுகிற ஊரிலேயே தீவு இருக்கிறது. உன் சித்தப்பா வீடும் இருக்கிறது" என்றேன்.

சித்தப்பா வீடு என்றதும் மறுபேச்சில்லை. சென்னையில் மாலை முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம், காலையில் தூத்துக்குடி. நானும் மனைவியும், பத்து வயது மகனும், எட்டு வயது மகளும்.

ரயில் ஊரை நெருங்கும்போதே இருபுறமும் உப்பளங்கள் ஆரம்பித்துவிடுகின்றன. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையோரம் குன்று குன்றாக உப்பு. இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் இந்தச் சீமைக்குத்தான். "அம்மா, பனிமலை!" என்று கூவினாள் மகள். அந்தப் பனிமலையில் வெறுங்காலோடு நின்று வெயிலில் உப்பு வாரும் பெண்களை அடுத்த நிமிஷமே பார்த்தாள். பிறகு மலையைப் பற்றிப் பேசவில்லை.

"வாங்க மாப்பிள்ளை, வா தாயி" என்று ஸ்டேஷனிலேயே நின்றிருந்தார் சித்தப்பா. உப்புக் கம்பெனி ஒன்றில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் போய்க் குளிக்கக்கூட விடவில்லை. "முதல்ல மீன். நேரமாச்சின்னா நல்ல மீன் வெளியூர் வண்டியில ஏறிரும்" என்று நேரே திரேஸ்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

திரேஸ்புரம் நாட்டுப் படகுகள் ஒதுங்கும் கரை. அங்கே மீன் பெயர்களையே புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. நாம் சென்னையில் வஞ்சிரம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிற மீனுக்கு இங்கே சீலா என்று பெயர். அப்புறம் விளைமீன், ஊளி, பாறை, சாளை, நெத்திலி, கணவாய், உயிரோடு நெளியும் நண்டு. சித்தப்பா ஒவ்வொரு மீனின் செவுளையும் விரலால் விலக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். பெண் பார்க்கப் போனபோதுகூட யாரும் இவ்வளவு கவனித்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு சீலாவும், நாலு விளைமீனும், ஒரு கூறு நண்டும் எங்களோடு வீட்டுக்கு வந்தன.

அன்றைய மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் ஆசிரியர் மேலும் நாலு பக்கம் கேட்க வேண்டியிருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். சித்தி தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம், மல்லி, மிளகாய் எல்லாவற்றையும் வெண்ணெயாக அரைத்து, புளி கரைத்துவிட்டு, குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது மாங்காய்த் துண்டைப் போட்டு, கடைசியில்தான் விளைமீனைச் சேர்த்தாள். "மீனைப் போட்டப்புறம் கரண்டி போடக் கூடாது; சட்டியைத்தான் சுத்தணும்" என்று என் மனைவிக்குப் பாடம் வேறு. சீலாத் துண்டுகள் தோசைக்கல்லில் வறுபட்டன. நண்டை ரசமாக வைத்தாள். என் மகன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டாம் முறை சோறு கேட்டான். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

சாயங்காலம் ஊர் சுற்றினோம். பனிமய மாதா கோயிலைப் பார்க்காமல் தூத்துக்குடியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மாதாவின் சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது கோயில் வரலாறு. இப்போதுள்ள கோயில் 1713-ல் எழுந்தது. ஆகஸ்டு 5-ம் தேதி முடிகிற திருவிழாவுக்கு ஜாதி மத வித்தியாசம் பாராமல் ஊரே திரளும். சில விசேஷ வருஷங்களில் மட்டும் பொன் தேர் ஓடும், 2023-ல் ஓடியது. முத்துக் குளித்த பரதவர் குலத்தின் கோயில் அது. அந்தக் குலத்தின் செல்வமெல்லாம் கடலடியில் இருந்து வந்ததுதான்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் மக்ரூன் கடைகள் வாசனையாலேயே கையைப் பிடித்து இழுக்கின்றன. மக்ரூன் என்பது போர்ச்சுக்கீசியர் காலத்துப் பழக்கத்தின் மிச்சம் என்று சொல்லுவார்கள். மற்ற தேசங்களில் பாதாம் பருப்பில் செய்வதை இங்கே முந்திரிப் பருப்பில் செய்கிறார்கள். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துச் சீனி சேர்த்து நுரை பொங்க அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்பிலிருந்து சுருள் சுருளாகப் பிழிந்து, இளஞ்சூட்டு அடுப்பில் மணிக்கணக்கில் வைத்து எடுக்கிறார்கள். மாவு கிடையாது, நெய் கிடையாது. வாயில் போட்டால் மேலே மொறுமொறு என்கிறது. உள்ளே போனதும் காணாமல் போகிறது. பார்வைக்குச் சின்னச் சங்கு போலவே இருக்கிறது. இந்த ஊரில் தித்திப்புக்குக்கூடக் கடற்கரை ரூபந்தான்!

"அப்ப மஞ்சள் கருவை என்ன செய்வாங்க?" என்று கேட்டாள் மகள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, பக்கத்துத் தட்டிலிருந்த கேக்கைக் காட்டினார்.

இரவு ஏழு மணிக்குச் சித்தப்பா, "மாப்பிள்ளை, கிளம்புங்க. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நைட் கிளப்புக்குப் போவோம்" என்றார். என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபத்தெட்டு வயசுச் சித்தப்பா இப்படிக் கெட்டுப் போனாரே என்று சித்தியின் முகத்தைப் பார்த்தாள். சித்தியோ, "எனக்கு நாலு பொட்டலம் கட்டிட்டு வாங்க" என்கிறாள்! விஷயம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் ராத்திரி பரோட்டாக் கடைக்குப் பெயர்தான் நைட் கிளப். நடனம் உண்டு, ஆனால் ஆடுவது பரோட்டா மாவு. ஒருவர் மாவை விசிறி வீச, ஒருவர் கல்லில் போட, மூன்றாமவர் வெந்ததை அடுக்கி இரு கையாலும் தட்டித் தட்டி இதழ் இதழாகப் பிரிக்கிறார். வாழையிலையில் அதைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவைக் குளம் போல ஊற்றுகிறார்கள். பரோட்டா சால்னாவில் ஊற வேண்டும். ஆனால் கரையக் கூடாது. அந்த ஒரு நிமிஷத்தைத் தவறவிட்டால் ருசி போச்சு.

மறுநாள்தான் தீவு.

முயல் தீவு என்பது ஊருக்குத் தெற்கே, புதுத் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. பழைய காலத்தில் தூத்துக்குடிக் கடல் மகா ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும்; ஆட்களும் சரக்கும் படகில் போக வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் வருகிற வரைக்கும் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே வந்து ரயில் இறங்கி, படகேறி, அப்புறந்தான் கப்பலேறினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கொழும்புப் பாதையில்தான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்லுவார்கள். அந்தக் கடலுக்குள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல்லணைகளை நீட்டிக் கட்டிய துறைமுகம், 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் அதற்கு வ.உ.சி.யின் பெயரையே சூட்டினார்கள். துறைமுகம் வந்ததில் முயல் தீவும் கரையோடு சேர்ந்துவிட்டது. ஆகவே படகு வேண்டாம். காரில் போய் இறங்குகிற தீவு இது!

"இது என்னப்பா தீவு?" என்று மகனுக்கு ஏமாற்றம். போகிற வழியில், ஒரு தெரு நீளத்துக்குக் காற்றாலை இறக்கை ஒன்றைச் சுமந்துகொண்டு எதிரே வந்த லாரியைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டான்.

கரைக்குப் போய் நின்றதும் எல்லாருக்குமே பேச்சு நின்றுவிட்டது. மன்னார் வளைகுடாவின் கடல், சென்னைக் கடல் மாதிரி ஆளைத் தூக்கி அடிக்கிற கடல் அல்ல. சின்னச் சின்ன அலைகள் வந்து காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. வெகு தூரம் நடந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. மணலில் நண்டு வளைகள், விதவிதமான கிளிஞ்சல்கள். ஒரு பக்கம் கப்பல்களும் பளுதூக்கிகளும் அனல் மின்நிலையப் புகைபோக்கிகளும். மறுபக்கம் ஒன்றுமே இல்லாத நீலம். முயல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிழல் அதிகம் கிடையாது. ஆகையால் காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புவது உத்தமம். சித்தி புளிச் சோறும், வறுத்த நெத்திலிக் கருவாடும், அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்திருந்தாள். கடற்காற்றில் அந்தப் புளிச் சோற்றுக்கு இருந்த ருசி நட்சத்திர ஓட்டல்களில் கிடைக்காது. காணும் பொங்கலன்று இந்தத் தீவில் தூத்துக்குடியே வந்து உட்கார்ந்துவிடுமாம். கரும்பும் கட்டுச்சோறும் பாட்டும் கபடியுமாக அமர்க்களப்படுமாம். அவர்கள் விட்டுப் போன பிளாஸ்டிக் தம்ளர்களில் சில, நாங்கள் போனபோதும் அங்கேயே கிடந்தன. புளிச் சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், தண்ணீரை மட்டும் ஏன் தம்ளரோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

"கடலுக்குள்ளே நிஜமான தீவு இருக்கா தாத்தா? சுத்தித் தண்ணி இருக்கிற தீவு?" என்று மகன் சித்தப்பாவை விடவில்லை.

"இருக்குலே. சாயந்திரம் காட்டுதேன்" என்றார்.

நாலு மணிக்கு மறுபடியும் திரேஸ்புரம். அங்கே ஒரு பெரியவர், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேல். சங்கு குளித்துக் காலம் தள்ளியவர். "அண்ணாச்சி, மெட்ராஸ்லேர்ந்து நம்ம மாப்பிள்ளை வந்திருக்காரு. பிள்ளைகளுக்குத் தீவு பாக்கணுமாம்" என்றார் சித்தப்பா.

பெரியவர் எழுந்து நின்று, கையை நீட்டினார். "அந்தா, கண்ணைச் சுருக்கிப் பாருங்க தம்பி. ஒரு கோடு தெரியுதா? அதுதான் வான் தீவு."

தெரிந்தது என்றுதான் சொன்னேன். வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில் ஒரு மை தீற்றியது மாதிரி ஏதோ இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரைக்கும் கடலுக்குள் இப்படி 21 தீவுகள் கணக்கு. எல்லாம் பவளப் பாறைகளை அண்டி நிற்கும் தீவுகள். 1986-ல் அரசாங்கம் இவற்றைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்காவாக்கியது. அனுமதியில்லாமல் அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது. தூத்துக்குடிப் பக்கத்துக் கணக்கில் நாலு: வான் தீவு, காசுவார், காரியாசல்லி, விளாங்குசல்லி.

"நாலுன்னு எழுதி வச்சிருக்கான். மூணுதான் இருக்கு" என்றார் பெரியவர். "விளாங்குசல்லி தண்ணிக்குள்ள போயிட்டு. சின்னப் பிராயத்துல அதுல இறங்கிக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்கோம். இப்ப அது மேலே படகு போவுது."

"எப்படித் தாத்தா தீவு முங்கும்?" என்றான் மகன்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வலையை ஒரு முடிச்சுப் போட்டு முடித்தார். "வெட்டி எடுத்தோம்லா!" என்றார்.

பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்குச் சூளையில் போட்ட காலம் ஒன்று உண்டு. நாள்தோறும் படகு படகாகக் கல் கரைக்கு வந்தது. பாறை இருந்தவரை அது அலையைத் தடுத்தது. தீவின் மணல் நின்றது. பாறை போனதும் அலை நேரே மணலில் ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பவளத்தை எடுப்பது குற்றம் என்று வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தது 2001-ல்தான். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்தப் பக்கத்துக் கரைகளில் சேதம் குறைவு. இலங்கை குறுக்கே நின்றது ஒரு காரணம். தீவுகளும் பாறைகளும் தாங்கிக்கொண்டன என்பது மீனவர்கள் சொல்வது. அதற்கப்புறம் கல்லெடுப்பது நின்றுபோயிற்று.

"நானும் கல்லு ஏத்தியிருக்கேன் தம்பி" என்றார் பெரியவர். "சங்கு இல்லாத மாசம் வேற என்ன செய்ய? அந்தக் கூலியிலதான் எங்க அக்கா கலியாணம் நடந்துச்சி. எங்க வீட்டுச் சுவருக்கு அந்தச் சுண்ணாம்புதான். சுவரு இன்னும் நல்லாத்தான் நிக்குது."

என் மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தாள்; கேட்கவில்லை.

அவருடைய தகப்பனார் முத்துக் குளித்தவர். முத்துச்சிப்பி விளைகிற கடலடித் தரைக்குப் பார் என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் நிலத்துக்கு இருப்பது போலத் தனிப்பெயர் உண்டு; தொள்ளாயிரம் பார் என்பது அவற்றில் பேர்போனது. பாண்டியர்களின் கொற்கைத் துறைமுகத்துக்குப் புகழ் தந்தது இந்தப் பார்களின் முத்துத்தான். தாமிரபரணி வண்டல் போட்டுப் போட்டு, கொற்கை இன்றைக்குக் கடலை விட்டுச் சில மைல் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோபோலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு என்றும், சுறா கடிக்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் எழுதி வைத்திருக்கிறான். அந்த மந்திரக்காரருக்குக் கடல்கட்டி என்று பெயர்.

"கல்லைக் காலுல கட்டிக்கிட்டு எறங்குவாக. மூச்சு ஒரு நிமிசம். அதுக்குள்ள கைக்குக் கிடைச்ச சிப்பியைப் பையில அள்ளிக்கிட்டுக் கயித்தை ஆட்டணும். மேலே கயித்தைப் பிடிக்கிறவன் மச்சானா இருப்பான். அண்ணன் தம்பிக்குச் சொத்து ஆசை வரலாம். மச்சானுக்குத் தங்கச்சி தாலி ஆசைதான வரும்?" என்று சொல்லிச் சிரித்தார் பெரியவர்.

"கடைசியா எப்பக் குளிச்சாங்க?"

"அறுபத்தொண்ணு. எனக்கு அப்பப் பதினோரு வயசு. சிப்பி மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கும். ஏலம் போட்டு வாங்கினவன் அழுகப் போடுவான். நாத்தம்னா அப்படி நாத்தம்! அந்த நாத்தத்துலதான் முத்தைத் தேடணும். மறு வருசம் வரும்னு பாத்தோம். வரலை. அதுக்கு மறு வருசமும் வரலை."

1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் நடந்த முத்துக்குளிப்பு அதோடு நின்றது, பிறகு நடக்கவேயில்லை. பார்களில் சிப்பி பழையபடி வந்து சேரவில்லை. 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து, உள்ளே கருவைத்து, செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆனால் கயிற்றைப் பிடித்த மச்சான்களுக்கு அதில் வேலை இல்லை. ஊருக்கு முத்துநகர் என்ற பெயரும், ரயிலுக்கு அந்தப் பெயரும், கடற்கரைப் பூங்காவுக்கு அந்தப் பெயரும் மிச்சம். சங்கு மட்டும் இன்னும் வருகிறது. வங்காளத்துச் சுமங்கலிகளின் கைவளைக்கு இந்தக் கடலின் சங்கு போவது வெகு காலத்து வழக்கம்.

"வான் தீவும் முங்கிடுமா?" என்று கேட்டாள் மகள். அவளுக்கு அதுதான் கவலை.

நியாயமான கவலைதான். 1986-ல் ஏறத்தாழ 40 ஏக்கர் இருந்த தீவு, முப்பது வருஷத்துக்குள் 5 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நடுவில் இரண்டாகவும் பிளந்துவிட்டது. தூத்துக்குடியில் உள்ள கடல் ஆராய்ச்சிக்காரர்களும் அரசாங்கமும் 2015-ஐ ஒட்டி, சரிவக வடிவில் ஓட்டை ஓட்டையாக வார்த்த சிமெண்டுக் கூடுகளைத் தீவுக்கு முன்னால் கடலடியில் வரிசையாக இறக்கத் தொடங்கினார்கள். அலை அவற்றில் மோதி வேகம் குறைகிறது; பின்னால் மணல் தங்குகிறது. மீனும் அந்த ஓட்டைகளில் குடியேறிவிட்டது. வெட்டி எடுத்த பாறைக்குப் பதிலாக வார்த்துப் போட்ட பாறை!

"இப்ப மணல் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார் பெரியவர், மகளைப் பார்த்து. "நான் அந்தப் பக்கம் போறப்பல்லாம் பாப்பேன். போன தடவைக்கு இந்தத் தடவை கரை ஒரு முழம் கூடியிருக்கா, கொறஞ்சிருக்கான்னு."

"இறங்குவீங்களா?"

"எறங்கக் கூடாதுன்னு சட்டம் தாயி. தள்ளி நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

பேச்சு முடிந்து கிளம்பும்போது மகளின் கையில் ஒரு சின்னச் சங்கைக் கொடுத்தார். காசு கொடுக்கப் போன என்னைச் சித்தப்பா முழங்கையால் இடித்து நிறுத்தினார்.

தூத்துக்குடிக்குப் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசி மாதங்கள் வெயிலுக்குப் பயமில்லாத காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் முட்டையிடும் காலம் அது. நாட்டுப் படகு மீன் அப்போதும் கிடைக்கும். ஆனால் விலையைக் கேட்டால் கருவாடே மேல் என்று தோன்றும். தீவுக்குப் போகிறவர்கள் தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்துப் போங்கள். மக்ரூனைத் தகர டப்பாவில் இறுக மூடி வைத்தால் பல நாள் கெடாது என்கிறார்கள். எங்களுக்கு அதைப் பரீட்சித்துப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. ராத்திரி ரயில் கோவில்பட்டியைத் தாண்டுவதற்குள் டப்பாவில் பாதி காலி.